நாலாவது இடத்துப் போர்டு

"அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னா ஒன்னே ஒன்னுதானே ஆன்ட்டி, அதுல என்ன பெரிய சிக்கல்?" என்று போன மாதம் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். பினாங்குக்கு எதிர்க்கரையில், பத்து காவான் என்ற ஊரில் புதிதாக எழும்பியிருக்கும் ஆலைகளில் ஒன்றில் அவள் என்ஜினியர். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, நாலு வார்த்தை பேசச் சொல்லும் விழா அது. கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதுமே சீக்கிரம் வரும். எங்கள் ஜெலுத்தோங் பக்கத்துத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். "ஒன்னா? நாலு வெச்சிருந்தோம்மா. நாலும் ஒரே மெமரிக்கு அடிச்சிக்கிச்சுங்க" என்றேன். மேசையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், "அப்புறம்?" என்றாள். அதற்குள் பரிசுக் குலுக்கல் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கேட்ட அந்த "அப்புறம்"தான் இது.

என் பெயர் பிலோமினா. பினாங்குப் பாலம் கடலுக்குள் வெறும் தூண்களாக நின்றுகொண்டிருந்த காலத்தில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் ஆலையில் வேலை பார்த்தேன். முதலில் மைக்ரோஸ்கோப் லைன், சிப்புகளின் கம்பிக் கால்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. குனிந்து பார்த்துப் பார்த்து, வீட்டில் அரிசி களையும்போதுகூட ஒவ்வொரு அரிசிக்கும் கால் ஒடிந்திருக்கிறதா என்று கண் தேடும். லைன் தலைவி சரோஜா அக்காதான், "உனக்கு இருக்கிற வாய்க்கு இந்த எடம் பத்தாதுடி, போய்ப் படி" என்று என்னைச் சாயங்கால வகுப்புக்கு விரட்டினார். டிப்ளோமா வந்தது. கண்ணாடியும் வந்தது. ஆலைக்குள்ளேயே புதிதாக ஆரம்பித்த வடிவமைப்புப் பிரிவில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். பிரிவில் நாங்கள் நாலே பேர். வெளிநாட்டில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு, பினாங்குக்காரர்களுக்குச் சூடுவைத்து ஒட்டத்தான் தெரியும், யோசித்து வரையத் தெரியாது என்று ஓர் எண்ணம். எங்கள் பிரிவே ஒரு பரீட்சைதான். ஒரு மிஷினை முழுக்க முழுக்க நாங்களே செய்து காட்ட வேண்டும். தேறினால் பிரிவு நிற்கும். இல்லையென்றால் மற்ற மூன்று பேரும் வேறு இலாக்காவில் என்ஜினியராகவே இருப்பார்கள். நான் மட்டும் மைக்ரோஸ்கோப்புக்குத் திரும்ப வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மிஷின் இதுதான். புதுச் சிப்புகளைப் பெரிய அடுப்பில் வைத்து, மின்சாரம் கொடுத்து, வாட்டி எடுப்பது. நோஞ்சான் சிப்புகள் வாங்கியவர் கையில் போய்ச் சாகாமல் எங்களிடமே செத்துவிடும். இந்த வேலையை நாலாகப் பிரித்து, ஆளுக்கொரு பிராசசர் போர்டு, அதாவது ஆளுக்கொரு சின்னக் கம்ப்யூட்டர், செய்தோம். சிப்புகளுக்குச் சோதனை அனுப்புவது மிஸ்டர் கூவின் போர்டு. முடிவுகளைச் சேகரிப்பது மிஸ்டர் நடேசனுடையது. எல்லாவற்றையும் திரையில் காட்டுவது ரஹிமுடையது. அடுப்பின் சூட்டைப் பார்த்துக்கொள்வது என்னுடையது. நாலுக்கும் பொதுவாக ஒரே ஒரு மெமரி. நான் சூட்டை அதில் எழுதினால்தான் ரஹிம் அதைப் படித்துத் திரையில் காட்ட முடியும். அந்த மெமரிக்குப் போக ஒரே வழி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். தொழிலில் அந்த வழியை பஸ் என்பார்கள். ஃபேக்டரி பஸ்ஸோடு குழம்ப வேண்டாம் என்று நான் வழி என்றே எழுதுகிறேன்.

யார் முதலில் போவது? அதற்கு ஓர் அனுமதிக் கம்பி இருந்தது. முதல் இடத்தில் செருகிய போர்டுக்கு வழி வேண்டாமென்றால் அது அனுமதியை இரண்டாவதுக்குத் தள்ளிவிடும். அதற்கும் வேண்டாமென்றால் மூன்றாவதுக்கு. கடைசியில் மிச்சம் இருப்பது நாலாவதுக்கு. ஆக, எந்த இடத்தில் செருகுகிறோம் என்பதுதான் எல்லாமே. அதை யாராவது உட்கார்ந்து யோசித்தோமா என்றால், இல்லை. மிஷின் பெட்டி வந்து இறங்கிய அன்று நாலு பேரும் ஆளுக்கொரு போர்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். பதவியில் பெரியவர் மிஸ்டர் நடேசன். ஆனால் வயதில் மூத்தவர் மிஸ்டர் கூ. நடேசன் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "மிஸ்டர் கூ, ப்ளீஸ்" என்று கை காட்டினார். கூ முதல் இடத்தில் செருகினார். பிறகு நடேசன். பிறகு ரஹிம். கடைசியில் நான். கல்யாணப் பந்தியில் உட்காருகிற மாதிரி அவ்வளவு இயல்பாக நடந்தது. மரியாதை தெரிந்த நாலு பேர் சேர்ந்து செய்த தப்பு அது.

திங்கட்கிழமைக் கூட்டமும் இதே வரிசையில்தான் நடக்கும். தேநீர் நேரத்துக்கு முன்னால் கூட்டம். முதலில் மிஸ்டர் கூ பேசுவார். நல்ல மனிதர். ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பிறகு நடேசன் அளவாகப் பேசுவார். ரஹிம் ஏதோ சொல்வான். என் முறை வருவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். மணி அடித்தால் எல்லோரும் எழுந்து கேன்டீனுக்கு ஓடுவார்கள், ஏனென்றால் சுடச்சுடப் போடும் கறிபாப் பலகாரம் தீர்ந்துவிடும். "நீ மணிகிட்ட சொல்லிட்டு வா பிலோ" என்று ரஹிம் கிண்டல் செய்துகொண்டே ஓடுவான். அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து ஃபெரி பிடித்து வருகிறவன், காலையில் சாப்பிட்டிருக்கமாட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் சொல்ல வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம். திரையில் என் சூட்டு எண் சில சமயம் தூங்குகிறது. அடுப்பில் சூடு ஏறினாலும் எண் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று தாவுகிறது. வாரா வாரம் அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். வாரா வாரம் மணி அடிக்கும்.

இங்கே மிஸ்டர் நடேசனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவரின் பேரன். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு அழிரப்பர். பேனா இருக்காது, அழிரப்பர் இருக்கும். போர்டைக் கழற்ற அவர் ஒரு முறை வைத்திருந்தார். சுவிட்சை அணைப்பார். மின்விசிறி முழுக்க நிற்கும்வரை கைகட்டி நிற்பார். உடம்பின் மின்சாரம் போர்டில் பாயாமல் இருக்க மணிக்கட்டில் தரைக் கம்பியை மாட்டுவார். போர்டின் இரண்டு காதுப் பிடிகளையும் ஒரே நேரத்தில் நெம்பி, அதைச் சாயாமல் எடுப்பார். அதன் ஓரத்தில் தங்கம் பூசிய பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அழிரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, ஊதாமல் தூரிகையால் தட்டுவார். ஊதினால் எச்சில் படும் என்பார். "முதல்ல கண்ணு, அப்புறம் கை, கடைசியிலதான் வாய்" என்பது அவர் வேதம். நாம் எதையாவது போய்ச் சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தியா பிள்ளை, நெனச்சியா?"

அந்தக் கேள்விக்காகவே எத்தனை முறை திரும்பிப் போய் மறுபடி பார்த்திருக்கிறேன், அப்பப்பா.

அடுப்பை முதல் முறையாக முழுக்க நிரப்பிய நாள் வந்தது. அதுவரை அரையும் குறையுமாகத்தான் வைத்துப் பார்த்திருந்தோம். தலைமை அலுவலகத்து ஆள் அடுத்த வாரம் வருகிறார் என்பதால், இனி நிஜச் சரக்கு. சரோஜா அக்காவின் லைனில் தேர்வான சிப்புகள். அக்காவே தட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தினோம். திரையில் எல்லா எண்ணும் அழகாக வந்தது. சூடு சொன்னபடி ஏறி, சொன்ன இடத்தில் நின்றது. மிஸ்டர் கூ கையைத் தேய்த்துக்கொண்டார்.

அக்காதான் மூக்கைச் சுளித்தார். "என்னமோ கருகுதுடி."

"நம்பர் சரியாத்தான் இருக்கு அக்கா."

"நம்பருக்கு மூக்கு இருக்கா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுப்பின் பாதுகாப்புச் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. திரையில் சூடு அப்போதும் சரியாகத்தான் இருந்தது. ஆறின பிறகு திறந்தோம். சாக்கெட்டுகள் பழுப்பாக உருகி, சிப்புகள் அதில் கோணல்மாணலாகப் புதைந்து கிடந்தன. அக்காவின் பெண்கள் கண் வலிக்கப் பார்த்துப் பொறுக்கிய சரக்கு. அக்கா வெறும் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுப்பு கருகினால் யார் காரணம்? அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் போர்டு. "ஓவன் போர்டு செத்துப் போச்சு லா" என்று மிஸ்டர் கூ சொன்னார். பழி போடுகிற குரல் இல்லை, பரிதாபக் குரல். அதுதான் இன்னும் எரிந்தது. ஆலை மேலாளர் வந்து பார்த்துவிட்டு, கடையில் விற்கிற சூட்டுக் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள், அந்தப் பெண்ணை இப்போதைக்கு லைனுக்கு அனுப்புங்கள் என்றார். என் எதிரிலேயே சொன்னார், நான் ஏதோ ஸ்டூல் மாதிரி.

மிஸ்டர் நடேசன் மட்டும், "வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் குடுங்க" என்றார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அன்று ஃபேக்டரி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். ஆமாம், அழுதேன், அதில் என்ன வெட்கம்? என் புரோகிராமை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் தெரியும். ஆனால் "பாத்தியா, நெனச்சியா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

மறுநாள் நடேசன் இன்னொரு இலாக்காவிலிருந்து ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பிகளில் நடப்பதைக் கோடுகளாகக் காட்டும் கருவி. கொக்கிகளை என் கையில் கொடுத்துவிட்டு, தான் எதையும் தொடாமல் பின்னால் நின்றார். மெமரிக்கு வழி கேட்கும் கம்பி ஒவ்வொரு போர்டுக்கும் உண்டு. அனுமதி வரும் கம்பியும் உண்டு. என் போர்டின் இரண்டிலும் கொக்கி மாட்டினேன். பழைய சாக்கெட்டுகளையும் பழுதான சிப்புகளையும் வைத்து அடுப்பை நிரப்பி, மறுபடி ஓட்டினோம்.

கேட்கும் கோடு கீழே இறங்கியது. என் போர்டு வழி கேட்கிறது என்று அர்த்தம். இறங்கியது இறங்கியபடியே நின்றது. அனுமதிக் கோடு அசையவே இல்லை. என் போர்டு சாகவில்லை. கேட்டுவிட்டு, காத்துக்கொண்டே இருந்தது. காத்திருக்கிற பிராசசர் வேறு எந்த வேலையும் செய்யாது. கேட்பதற்கு முன்னால் ஹீட்டரைப் போட்டிருந்தால், ஹீட்டர் போட்டபடியே எரியும். திரையில் பழைய எண் அப்படியே நிற்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழுதுகொண்டேதான் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

கொக்கியை மற்ற இடங்களுக்கு மாற்றினேன். முதல் இடத்தில், மிஸ்டர் கூவின் போர்டு, சோதனையை அனுப்பிவிட்டு மூச்சு விடாமல் மெமரியிடம் கேட்டுக்கொண்டிருந்தது: முடிவு வந்ததா, வந்ததா, வந்ததா? அடுப்பு நிரம்ப நிரம்ப முடிவு வரத் தாமதமாகும். தாமதமாக ஆக அது இன்னும் கேட்கும். அது விட்ட இடைவெளியை நடேசனின் போர்டும் ரஹிமின் போர்டும் பங்கு போட்டுக்கொண்டன. எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

"பாத்தியா பிள்ளை, நெனச்சியா?"

"பாத்தேன்" என்றேன். "இப்பவே போயி எல்லாருக்கும் முன்னால சொல்லப்போறேன். அவரு போர்டுதான் வழிய மறிச்சிக்கிட்டு நிக்குதுன்னு."

"ஓம், சொல்லலாம். நீ சொல்றது சரி, ஜெயிச்சிருவ." அழிரப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடி உள்ளே போட்டார். "அப்புறம் அவரு கூட உக்காந்து இத யாரு சரி பண்றது? மனுசன் முகம் செத்துப்போனா வேலை நடக்காது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் முகம் செத்தபோது வேலை நடந்ததே என்று கேட்க வாய் வந்தது. கேட்டும்விட்டேன். "நீ கேக்கிறது நியாயம்தான்" என்றார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். மின்விசிறி நின்றது. இரண்டாவது இடத்திலிருந்த தன் போர்டைக் கழற்றினார். என் போர்டையும் கழற்றச் சொன்னார். என்னுடையதை இரண்டில் செருகச் சொல்லி, தன்னுடையதை நாலில் செருகினார். அதைச் செய்யும்போதும் பற்களை அழிரப்பரால் தேய்க்க மறக்கவில்லை.

பிறகுதான் மற்ற இருவரையும் கூப்பிட்டார். மிஷின் ஓடியது. அடுப்பின் சூட்டு எண் திரையில் உயிரோடு ஏறி இறங்கியது. பாதுகாப்புச் சுவிட்ச் விழவில்லை. ஆனால் இப்போது முடிவுகள் வரவில்லை. வந்ததும் பாதி விட்டுப்போய் வந்தது.

"மிஸ்டர் கூ," என்றார் நடேசன், "இப்ப என் போர்டு செத்துப் போச்சு. என் புரோகிராம்ல என்ன தப்புன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

எங்கள் பேச்சு ஆங்கிலமும் மலாயும் சீனர்களின் ஹொக்கியனும் கலந்த ரொஜாக், எங்கள் ஊர்ப் பழக் கலவை மாதிரி. நான் தமிழாக்கி எழுதுகிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் கூ எந்த மொழியிலும் பேசவில்லை. தலைவரின் புரோகிராமில் தப்பு என்று யார் சொல்வது? என்னுடையது என்றால் யோசிக்காமல் சொல்லியிருப்பார். அவர் பெட்டியின் முன் குனிந்தார். நாலு இடங்களையும் பார்த்தார். எந்தப் போர்டு எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு, மாட்டியே இருந்த கருவியின் கோடுகளைப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். யாரும் விளக்கத் தேவையில்லை.

"அலாமாக்" என்றார் மெதுவாக. "போர்டு இல்ல லா. உக்கார்ற எடம்." இன்னும் கொஞ்சம் குனிந்தார். "அதுவும் என் போர்டு என்னா இப்படிக் கேக்குது? எங்கம்மா மாதிரி. வீட்டுக்குள்ள நுழைஞ்சா சாப்ட்டியா, உக்காந்தா சாப்ட்டியா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே சாப்ட்டியா!"

ரஹிம்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். நானும்தான். என்ன கோபமாக இருந்தாலும் சிரிப்பு வந்தால் நான் அடக்கமாட்டேன். சிரித்து முடித்ததும் மிஸ்டர் கூ என் பக்கம் திரும்பினார். "உன் போர்டு ஓகே பிலோ. செத்துப் போச்சுன்னு சொன்னது நான். சாரி." அந்த வயதுக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் என்னிடம் சாரி சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சட்டென்று அவரைப் பிடித்துப்போனது, என்ன செய்வது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரியை, அதாவது அனுமதி கொடுக்கும் முறையை, மாற்றும் வேலையை மிஸ்டர் கூவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு சின்னப் போர்டு. யார் கடைசியாக வழியைப் பயன்படுத்தினாரோ அவர் வரிசையின் கடைசிக்குப் போவார். அடுத்தவர் முன்னால் வருவார். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் செருகினாலும் எல்லோருக்கும் முறை வந்தே தீரும். படம் வரைந்து, சிப்புகளை அடுக்கி, ஒயர் சுற்றும் பேனாவால் ஒவ்வொரு காலுக்கும் மெல்லிய கம்பியைச் சுற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியையும் மீட்டரில் தொட்டுப் பார்த்தேன். மைக்ரோஸ்கோப் லைன் கண்ணாயிற்றே, மூன்று தப்புச் சுற்று பிடித்தேன். "உன் கண்ணு பயங்கரம் லா" என்றார். தன் புரோகிராமிலும் ஒரு முறை கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும்படி மாற்றினார். "அம்மாவுக்கும் இதச் சொல்லிப் பாக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்தபோது அடுப்பு நிரம்பியிருந்தது. நாலு போர்டும் வேலை செய்தன. கடையில் வாங்கிய சூட்டுக் கருவி பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அடுத்த வாரம் வந்த தலைமை அலுவலகத்து ஆள், சுற்றிவரும் அந்தச் சின்னப் போர்டை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதை எங்கிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டார். "இங்கதான்" என்று ரஹிம் தரையைக் காட்டினான். பிரிவு நின்றது. என் நாற்காலியும் நின்றது. அதே பிரிவில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். அந்த ஆள் வருவதற்கு முன்னால், புதுச் சரக்கு எடுக்க சரோஜா அக்காவிடம் நானே போயிருந்தேன். அவர் தட்டை என் கையில் வைத்து, "இத எரிச்ச, உன்னைய எரிச்சிருவேன்" என்றார். அவர் மறுபடி திட்டியதில் எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அந்தப் பத்து காவான் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்பிய "அப்புறம்" இது இல்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான்.

வழக்கம்போல் உட்கார்ந்தோம். வழக்கம்போல் மிஸ்டர் கூ தொண்டையைக் கனைத்தார். நடேசன் கையை உயர்த்தினார். "மெமரிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? இனிமே கூட்டமும் சுத்தி வரும். போன வாரம் வரைக்கும் கடைசியா இருந்தது யாரு? அவங்க ஆரம்பிக்கட்டும். அடுத்த வாரம் அவங்க கடைசிக்குப் போவாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனை வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன்! இப்போது பார்த்தால் நாக்கில் ஒன்றுமில்லை. "ஓவன்... நல்லா இருக்கு" என்றேன்.

ரஹிம் மேசையைத் தட்டிச் சிரித்தான். "இதச் சொல்லவா இத்தன நாளா காத்திருந்த?"

நடேசன் சிரிக்கவில்லை. "வேற?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு மடை திறந்துகொண்டது. சூட்டு எண் தூங்கியதை நான் எப்போது முதலில் பார்த்தேன் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அடுப்புக் கதவின் ரப்பர் சரியில்லை என்றேன். காத்திருக்கும்போது ஹீட்டர் தானாக அணைய வேண்டும், அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன் என்றேன். எழுந்து பலகையில் வரைந்தேன். ரஹிம் கேள்வி கேட்டான், பதில் சொன்னேன். நடேசன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இன்னும் வரைந்துகொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, மிஸ்டர் கூ அன்று வாயே திறக்கவில்லை. எனக்கு அடுத்த முறை அவருடையது. அது வருவதற்குள் நேரத்தை முழுக்க நானே தின்றுவிட்டிருந்தேன்.

"மிஸ்டர் கூ, சாரி..." என்று ஆரம்பித்தேன்.

"முடி லா, முடி. கறிபாப் எங்க போகுது?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார் அவர். "அடுத்த வாரம் நான்தானே ஃபர்ஸ்ட்."